ரோபோவா ஆபரேஷன் செய்கிறது?

முதலில் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை ரோபோவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். நீங்களும் வரிசையில் நின்று, அதில் உட்கார்ந்து, ரப்பர் வளையத்தை எடுத்துக் குச்சியில் மாட்டிப் பார்த்தீர்கள். கொஞ்ச நாளில் உங்கள் சித்திக்குப் பித்தப்பையில் கல் என்று தெரிந்தது. பித்தப்பையை எடுக்க வேண்டும், லேப்ராஸ்கோப்பியிலும் (சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டு) செய்யலாம், ரோபோவிலும் செய்யலாம் என்றார்கள். ரோபோ தானாகவே வெட்டுமா, லேப்ராஸ்கோப்பியைவிட அது உசத்தியா, பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும். இந்த மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் 20 வருடங்களுக்கு மேல் டாக்டரின் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுத்த நர்ஸ். வயிற்றை முழுதாகத் திறந்து செய்த காலமும் தெரியும், கேமரா வந்த பிறகு நடந்த தடுமாற்றங்களும் தெரியும், ரோபோவுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிவிட்ட அனுபவமும் உண்டு. நீங்கள் பார்த்த மாதிரி ஒரு காட்சியில் நானே இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பத்தில் எட்டுப் பேர் கேட்டது உங்கள் முதல் கேள்வியைத்தான்.

பதில்: இல்லை, அது தானாக எதுவும் செய்யாது. நீங்கள் உட்கார்ந்தபோது உங்கள் விரல்கள் அசைந்தால்தானே அந்தக் கொக்கி அசைந்தது? ஆபரேஷனிலும் அதேதான். டாக்டர் நோயாளிக்குச் சில அடி தள்ளி ஒரு மேஜை மாதிரியான பெட்டியில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்திருப்பார். அவர் கையை மூன்று அங்குலம் நகர்த்தினால் உள்ளே இருக்கும் கருவி ஒரு அங்குலம் நகரும்படி வைத்துக்கொள்ளலாம். கை லேசாக நடுங்கினால் அந்த நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். முகத்தை அந்தக் கண்ணாடியிலிருந்து எடுத்தால் போதும், நோயாளிக்கு உள்ளே இருக்கும் கைகள் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். தலை உள்ளே இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு சென்சார் இருக்கிறது. காட்சிக்கு வந்த ஒரு சிறுவன் இதைக் கண்டுபிடித்துவிட்டு, தலையை எடுப்பதும் வைப்பதுமாகவே தன் முறையைத் தீர்த்துக்கொண்டான். எனக்கு அது வளையம் மாட்டியவர்களைவிடப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அதனால் 'ரோபோ' என்ற பெயரே ஆளைக் குழப்புகிறது. நீண்ட கை என்று சொல்லியிருந்தால் பாதிக் கேள்விகள் எழுந்திருக்காது. தானாகச் செய்யும் இயந்திரத்துக்கான ஆராய்ச்சி வேறு இடத்தில் நடக்கிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்டார் என்ற ரோபோ, பன்றியின் குடலின் இரண்டு முனைகளைத் தானே தைத்து இணைத்ததை 2022-ல் வெளியிட்டார்கள். அது ஆய்வுக்கூடத்துக் கதை. உங்கள் சித்திக்குச் சொல்லப்பட்டது அது இல்லை.

அடுத்து உசத்தியா என்ற கேள்வி. இதற்கு லேப்ராஸ்கோப்பியில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் புரியும். ரோபோ அதற்கு மேல் கட்டிய மாடி, வேறு வீடு இல்லை.

நடுவில் ஒன்று. நம் ஆட்களில் பலர் இதை 'லேசர் ஆபரேஷன்' என்று சொல்கிறார்கள். "வயித்தைக் கிழிக்காம லேசர்ல எடுத்துட்டாங்க" என்று சொல்லாத குடும்பம் குறைவு. லேசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லேப்ராஸ்கோப் என்பது வயிற்றுக்குள் பார்க்கும் குழாய். காதுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்டதால் வந்த வினை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: லேசர் என்று நினைப்பவர்கள் உள்ளே வெட்டு, தையல் எதுவும் இல்லை, ஒளியைக் காட்டினால் கல் கரைந்துவிடும் என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே நடப்பது முழு ஆபரேஷன். பித்தப்பை முழுதாக வெளியே வருகிறது. வெளியில் தழும்பு சிறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, எப்படி உள்ளே போகிறார்கள்? நோயாளி மயக்கத்தில் இருப்பார். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கீறல். அதன் வழியாக வெரெஷ் ஊசி என்ற ஒன்றை இறக்குவார்கள். யானோஷ் வெரெஷ் என்ற ஹங்கேரி டாக்டர் 1930-களில் காசநோயாளிகளின் நெஞ்சுக்குள் காற்றைச் செலுத்துவதற்காகச் செய்தது இது. ஊசியின் கூர்முனைக்குள்ளே மொட்டையான இன்னொரு குழாய் ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். கெட்டியான சுவரைத் துளைக்கும்போது அது பின்னால் போய்விடும். வெற்றிடம் வந்த உடனே முன்னால் பாய்ந்து கூர்முனையை மறைத்துவிடும், குடலில் குத்தாமல் இருப்பதற்காக. அந்தச் சின்ன 'டிக்' சத்தம் கேட்கும்போது தியேட்டரில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு ஊசியின் வாயில் ஒரு சொட்டு உப்புநீர் விடுவார்கள். சொட்டு உள்ளே உறிஞ்சப்பட்டால் சரியான இடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். இத்தனை கணினிகளுக்கு நடுவில் இன்றும் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் சாட்சி சொல்கிறது. (எல்லா டாக்டர்களும் இந்த ஊசியைப் பயன்படுத்துவதில்லை. சிலர் சிறு கீறல் போட்டு கண்ணால் பார்த்தே உள்ளே போவார்கள். இரண்டும் சரியான முறைதான்.)

அப்புறம் வாயு. கார்பன் டை ஆக்சைடை உள்ளே அனுப்பி வயிற்றுச் சுவரைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடிப்பார்கள். அழுத்தம் பெரியவர்களுக்கு வழக்கமாக 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிடும். சாதாரணக் காற்றை ஏன் விடுவதில்லை என்று கேட்பார்கள். உள்ளே மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தப் போகிறோம், அங்கே தீயை வளர்க்கும் வாயு இருக்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு எரியாது. தவறி ரத்தத்தில் கலந்தாலும் சீக்கிரம் கரைந்து, மூச்சு வழியாக வெளியே போய்விடும். அதனால்தான் இந்த ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் மூச்சின் அளவை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்.

பிறகு மூன்று நான்கு குழாய்கள், 5 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமனில். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். உடம்புக்குள் 37 டிகிரி, தியேட்டரில் குளிர். கேமரா உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது மாதிரி லென்ஸ் மங்கிவிடும். அதற்காக ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர் என் பக்கத்திலேயே இருக்கும். லென்ஸை முக்கித் துடைத்துக் கொடுப்பது எத்தனை ஆயிரம் தடவை இருக்கும் என்று எண்ணியதில்லை.

இதில் டாக்டருக்கு உள்ள கஷ்டம் வெளியே தெரியாது. கருவி நீளமான குச்சி, வயிற்றுச் சுவர் அதன் நெம்புகோல் புள்ளி. கையை வலப்பக்கம் கொண்டுபோனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். மேலே தூக்கினால் கீழே இறங்கும். பார்ப்பது தட்டையான திரையில், ஆழம் தெரியாது. கேமராவைப் பிடித்திருப்பது வேறொருவர், அவருக்குக் கை வலித்தால் படம் ஆடும். குச்சியின் நுனியில் மணிக்கட்டு கிடையாது. இப்படியே ஒரு முடிச்சுப் போட்டுப் பாருங்கள். ஓய்வு நேரத்தில் ஒரு பயிற்சிப் பெட்டிக்குள் கருவியை விட்டு நான் முயன்றேன். ஒரு தையல் போட 20 நிமிடம் ஆனது, அதுவும் அவிழ்ந்துவிட்டது.

இந்த வழி ஒரே நாளில் வந்ததில்லை. 1901-ல் ஜெர்மனியில் கெல்லிங் என்பவர் நாயின் வயிற்றைக் காற்றால் நிரப்பி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை விட்டுப் பார்த்தார். 1910-ல் ஸ்டாக்ஹோமில் யாக்கோபேயஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் இது பார்ப்பதற்கான கருவியாகவே இருந்தது, அதிகம் பயன்படுத்தியவர்கள் மகப்பேறு டாக்டர்கள். ஜெர்மனியின் கீல் நகரத்தில் குர்ட் செம் என்ற மகப்பேறு டாக்டர் 1980-ல் இந்த வழியாகக் குடல்வாலை எடுத்தபோது, அவருடைய மருத்துவ அனுமதியைப் பறிக்க வேண்டும் என்று குரல் எழுந்தது. மூளை சரியாக இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள் என்று அவரைப் பற்றி ஒரு கதையும் உண்டு. 1985-ல் எரிக் மியூஹே என்ற ஜெர்மன் டாக்டர் இந்த வழியாகப் பித்தப்பையை எடுத்தார். அடுத்த வருடம் ஜெர்மன் அறுவை சிகிச்சை மாநாட்டில் சொன்னார், யாரும் நம்பவில்லை. அதே சங்கம் 1992-ல் அவரை அழைத்து விருது கொடுத்தது.

ஆனால் கேலி செய்தவர்கள் அத்தனை பேரும் முட்டாள்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1990-களின் தொடக்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? நோயாளிகள் 'சின்ன ஓட்டை ஆபரேஷன்' கேட்டு வரிசையில் நின்றார்கள். வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை ஆரம்பித்த டாக்டர்கள் இருந்தார்கள். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் முக்கியக் குழாயை, பித்தப்பையின் குழாய் என்று தவறாக நினைத்து வெட்டிவிடும் விபத்துகள் கூடின. வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நேர்ந்தது, நான்கைந்து பேருக்கு என்று ஏறியது. ஆயிரத்தில் நான்கு என்றால் சின்ன எண்ணாகத் தெரியும். அந்த நான்கு பேருக்கு அது வருடக்கணக்கில் இழுக்கும் துன்பம்.

இதைச் சரிசெய்தது புது இயந்திரம் இல்லை என்பதுதான் எனக்கு முக்கியம். 1995-ல் அமெரிக்க டாக்டர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் ஒரு விதியைத் தெளிவாக எழுதி வைத்தார். வெட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கண்ணில் பட வேண்டும். பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவில் உள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் சுத்தமாக நீக்கப்பட்டிருக்க வேண்டும். பித்தப்பையின் அடிப்பகுதி கல்லீரலிலிருந்து பிரிந்து நிற்க வேண்டும். பித்தப்பைக்குள் போகிற அமைப்புகள் இரண்டே இரண்டுதான் இருக்க வேண்டும், ஒரு குழாய், ஒரு ரத்தநாளம். மூன்றும் தெரியாவிட்டால், வெட்டுவதற்கு முன் குழாயை இறுக்கி மூடும் கிளிப்பைப் போடக் கூடாது. நான் வேலை பார்த்த ஒரு டாக்டர் இந்த இடம் வந்ததும் கருவியை அசைக்காமல் நிறுத்திவிட்டு, அறையில் இருக்கும் எல்லோரிடமும், "எத்தனை தெரியுது?" என்று கேட்பார். நாங்கள் "ரெண்டு" என்று சொன்ன பிறகுதான் கிளிப்புக்குக் கை நீட்டுவார். ஒரு முறை புதிதாகச் சேர்ந்த பெண் "மூணு மாதிரி இருக்கு சார்" என்றாள். அவர் கோபப்படவில்லை. மறுபடி பத்து நிமிடம் சுத்தம் செய்தார். மூன்றாவது ஒரு சிறு ரத்தநாளத்தின் கிளை, ஆபத்தானது இல்லை. ஆனாலும் அந்தப் பத்து நிமிடம் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது ரோபோவுக்கு வருவோம். மேலே சொன்ன கஷ்டங்களில் பலவற்றை அது உண்மையாகவே தீர்க்கிறது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம், அதனால் ஆழம் தெரிகிறது. பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரியும். கேமராவையும் டாக்டரே நகர்த்துகிறார், யாருக்கும் கை வலிக்காது. கருவியின் நுனியில் மணிக்கட்டு இருக்கிறது, மனித மணிக்கட்டு திரும்பாத கோணத்துக்கும் திரும்புகிறது. வலம் இடமாக மாறும் தொல்லை இல்லை. இடுப்பெலும்புக் குழிக்குள், ஆழமான குறுகிய இடத்தில் நுணுக்கமாகத் தைக்க வேண்டியிருந்தால் இந்த மணிக்கட்டு பெரிய வரம். புராஸ்டேட் ஆபரேஷனில் ரோபோ வேகமாகப் பரவியதற்கு அதுவே காரணம்.

இதன் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. காயம்பட்ட வீரரைத் தொலைவிலிருந்து ஆபரேஷன் செய்ய முடியுமா என்று அமெரிக்க ராணுவம் பணம் போட்ட ஆராய்ச்சி அது. அதில் கிளைத்த டா வின்சி என்ற இயந்திரத்துக்கு 2000-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அடுத்த வருடம், 2001 செப்டம்பர் 7 அன்று, நியூயார்க்கில் உட்கார்ந்த ஜாக் மாரெஸ்கோ என்ற பிரெஞ்சு டாக்டர், கடலுக்கு அப்பால் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் படுத்திருந்த 68 வயதுப் பெண்ணின் பித்தப்பையை எடுத்தார். ஸீயஸ் என்ற வேறு ரோபோ அது. கையசைவு போய்ப் படம் திரும்பி வர ஆறில் ஒரு பங்கு விநாடிதான் பிடித்தது. நான்கு நாள் கழித்து நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன, இந்தச் செய்தியை உலகம் மறந்துபோனது. இப்போது 'தொலைவிலிருந்து ஆபரேஷன்' என்று புதிதாக யாராவது பேசினால் எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம் வரும்.

ரோபோ நீண்ட காலம் தராத ஒன்று உண்டு: தொடு உணர்வு. நூலை எவ்வளவு இழுக்கிறோம், திசு கெட்டியா இளக்கமா என்பது பல வருடங்களாக டாக்டரின் கைக்குத் தெரியவே இல்லை. கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். இழுக்கும்போது திசு வெளுக்கிறதா, நூல் எப்படி விறைக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்வது. பழகாதவர் கையில் நூல் பட்டென்று அறுந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். விசையை விரலுக்குத் திருப்பித் தரும் கருவிகள் கொண்ட டா வின்சியின் ஐந்தாம் தலைமுறைக்கு 2024-ல்தான் அமெரிக்க அனுமதி வந்தது. காட்சியில் நீங்கள் வளையத்தை மாட்டியபோது ரப்பர் கையில் தட்டுப்படவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

இன்னொன்று, அந்தக் கருவிகளுக்கு ஆயுள் கணக்கு உண்டு. இத்தனை ஆபரேஷனுக்கு என்று ஒரு எண், இயந்திரமே எண்ணிக்கொள்ளும். எண் முடிந்தால் கருவி பார்க்கப் புதிதாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளாது. ரோபோ ஆபரேஷனின் பில் ஏன் பெருக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

பலன் என்னவென்று பார்த்தால், உறுப்புக்கு உறுப்பு கதை மாறுகிறது. புராஸ்டேட் ஆபரேஷனில் வயிற்றைத் திறந்து செய்வதையும் ரோபோவையும் ஆஸ்திரேலியாவில் ஒப்பிட்டு 2016-ல் வெளியிட்டார்கள். சிறுநீர்க் கட்டுப்பாடும் தாம்பத்திய நிலையும் 12 வாரத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரத்தம் இழப்பது ரோபோவில் குறைவு. மலக்குடல் புற்றுநோயில் லேப்ராஸ்கோப்பியையும் ரோபோவையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2017-ல் வந்தது. பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது ரோபோவில் நூற்றுக்கு 8 பேர், லேப்ராஸ்கோப்பியில் 12 பேர். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பது கணக்குப் போட்டவர்களின் முடிவு.

2018-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் எல்லோரையும் உலுக்கியது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிறு துளை வழியாக, லேப்ராஸ்கோப்பியிலும் ரோபோவிலும், செய்தவர்களில் நாலரை வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 86 சதவீதம். பழையபடி வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 96.5 சதவீதம். தழும்பு சிறியது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம், எல்லாம் சரி, ஆனால் நோய் திரும்பி வருகிறது என்றால் அந்தச் சின்னத் தழும்பை வைத்து என்ன செய்வது? அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்த ஒரு ஆபரேஷனில் டாக்டர்கள் பழைய வழிக்குத் திரும்பினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2019-ல் ரோபோவைப் புற்றுநோய் ஆபரேஷன்களில் பயன்படுத்துவது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதை எல்லாப் புற்றுநோய்க்கும் நீட்டிவிடக் கூடாது. பெருங்குடல் புற்றுநோயில் லேப்ராஸ்கோப்பி நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கிறது.

உங்கள் சித்தியின் விஷயம் பித்தப்பை. அமெரிக்காவின் அரசுக் காப்பீட்டில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2023-ல் வந்த ஆய்வில், பித்தக் குழாய் காயம் லேப்ராஸ்கோப்பியில் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7 சதவீதம். ரோபோ கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. பழைய பதிவுகளைத் தோண்டிய ஆய்வு அது, கற்றுக்கொண்டிருந்த டாக்டர்களும் அதில் இருந்திருப்பார்கள். ஆனால் ஒன்று உறுதி: சாதாரணப் பித்தப்பைக் கல்லுக்கு ரோபோதான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் ஆதாரம் எதுவும் இல்லை. நன்றாக லேப்ராஸ்கோப்பி செய்யும் டாக்டர் கையில் இருந்தால், நான் என் வீட்டு ஆளுக்கு அதையே கேட்பேன். ரோபோவில்தான் அந்த டாக்டருக்குக் கை பழகியிருக்கிறது என்றால் அதுவும் சரி. இயந்திரத்தைப் பார்த்துத் தேர்வு செய்வது, ஓட்டுநரைப் பார்க்காமல் வண்டியின் நிறத்தைப் பார்த்து ஏறுவது மாதிரி.

காட்சிகளில் எனக்கு ஒரு மனக்குறை. பெரிய கைகள் உள்ள இயந்திரத்தை நடுவில் நிறுத்துகிறார்கள், ஆபரேஷனை உண்மையிலேயே பத்திரமாக்கிய சின்னப் பொருட்கள் மேஜையில்கூட இருப்பதில்லை. ஐ.சி.ஜி. என்ற பச்சைச் சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களிலிருந்து மருத்துவத்தில் இருக்கிறது. ஊசியில் போட்டால் கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியே அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கேமரா வழியாகப் பாய்ச்சினால், கொழுப்புக்கு அடியில் பித்தக் குழாய் பச்சையாக ஒளிரும். வெட்டக் கூடாதது எது என்று உடம்பே சொல்கிறது. முதல் தடவை திரையில் அது ஒளிர்ந்தபோது, கையில் வைத்திருந்த கிளிப் கருவியைக் கொடுக்க மறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். குடலை வெட்டி இணைக்கும் ஆபரேஷனிலும் இதே சாயம் உதவுகிறது. முனைக்கு ரத்தம் வந்தால் பச்சை ஏறும், வராவிட்டால் இருட்டாக இருக்கும், இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டுவார்கள்.

ரத்தநாளத்தை மூடும் கருவிகளும் அப்படித்தான். ஒன்று விநாடிக்கு 55 ஆயிரம் தடவைக்கு மேல் அதிர்ந்து, அந்தச் சூட்டில் நாளத்தை ஒட்டி வெட்டுகிறது. இன்னொன்று 7 மில்லிமீட்டர் வரையிலான நாளத்தை மின்சாரத்தால் அழுத்தி மூடுகிறது. முன்பு ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டிக் கட்டி நேரம் போகும்.

புதுசு எல்லாம் நிலைத்தது என்றும் இல்லை. தொப்புளில் ஒரே துளை போட்டு எல்லாவற்றையும் செய்வது ஒரு காலத்தில் அமர்க்களப்பட்டது. கருவிகள் ஒன்றோடொன்று மோதின, துளை பெரிதாக வேண்டியிருந்ததால் பிறகு அந்த இடத்தில் குடலிறக்கம் வருவது கூடியது. வாய் வழியாக இரைப்பையைத் துளைத்து வயிற்றுக்குள் போகும் முயற்சியும் அதே மாதிரி ஓய்ந்தது, ஆனால் அதன் குழந்தை ஒன்று பிழைத்தது: உணவுக்குழாயின் அடிவாய் திறக்காமல் அவதிப்படுபவர்களுக்கு, எண்டோஸ்கோப்பி (வாய் வழியாக விடும் கேமராக் குழாய்) வழியாகவே உள் தசையை வெட்டிவிடும் முறையை ஜப்பானில் ஹருஹிரோ இனோவே 2008-ல் செய்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. கர்ப்பப்பைக் கட்டியை உள்ளேயே துருவி எடுக்கும் கருவிக்கோ 2014-ல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. தெரியாமல் அதில் புற்று இருந்தால் வயிறு முழுக்க விதைத்துவிடும் என்பதால்.

இனி மூன்றாவது கேள்வி, கரண்ட். மருத்துவமனைக்கு ஜெனரேட்டர் இருக்கும், அது தெரிந்ததுதான். ரோபோவுக்குள்ளேயே பேட்டரியும் உண்டு. அதையும் மீறி இயந்திரம் நின்றுவிட்டால், கருவியின் பிடியைக் கையால் விடுவிக்க ஒரு சாவி இருக்கிறது. கைகளைக் கழற்றி ஓரம் தள்ளிவிட்டு லேப்ராஸ்கோப்பியிலோ வயிற்றைத் திறந்தோ தொடர்வார்கள். அதற்கான கருவிகள் ஒவ்வொரு ரோபோ ஆபரேஷனிலும் மூடிய தட்டில் தயாராக இருக்கும். டாக்டர் தள்ளி உட்கார்ந்திருந்தாலும், கை கழுவி உடை மாட்டிய இன்னொரு டாக்டர் நோயாளியின் பக்கத்திலேயே நிற்பார். ரோபோவைக் கழற்றும் ஒத்திகையை நாங்கள் நேரம் குறித்துச் செய்வோம். முதல் ஒத்திகையில் ஆளுக்கொரு பக்கம் ஓடி இடித்துக்கொண்டோம். யார் எந்தக் கையைக் கழற்றுவது என்று பெயர் எழுதி ஒட்டிய பிறகு ஒரு நிமிடத்துக்குள் வந்தது. உங்கள் சித்திக்கு ரோபோ என்று முடிவானால், இந்த ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

டாக்டரிடம் வேறு என்ன கேட்கலாம்? இந்த ஆபரேஷனை இதே வழியில் எத்தனை செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குப் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். கோபப்படாத டாக்டர் நல்ல டாக்டர். 'ஒருவருக்குக்கூடத் திறந்ததில்லை' என்பது எனக்குப் பெருமையாகப் படாது. பித்தப்பை அழற்சியில் எல்லாம் ஒட்டிக்கிடக்கும்போது, மேலே சொன்ன மூன்றும் தெரியாதபோது, திறப்பதுதான் ஒழுங்கான முடிவு. கையெழுத்து வாங்கும் படிவத்தில் 'தேவைப்பட்டால் திறந்த முறைக்கு மாற்றப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்துக் காட்டி, சித்திக்கு முன்பே சொல்லிவையுங்கள். மயக்கம் தெளிந்து பெரிய கட்டைப் பார்த்துவிட்டு, 'ஏதோ தப்பாகிவிட்டது' என்று அழுதவர்களை நான் நிறைய சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்த ஓரிரு நாள் அவருக்குத் தோள்பட்டை வலிக்கலாம். வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தோளில் ஏன் வலி என்று எல்லோரும் பயப்படுவார்கள். உள்ளே மிஞ்சிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துகிறது, அங்கே போகும் நரம்பும் தோளுக்குப் போகும் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை இடத்தை மாற்றிப் படிக்கிறது. எழுந்து மெதுவாக நடந்தால் குறையும். ஆனால் வயிற்று வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் நாளைவிட மூன்றாம் நாள் கூடினால், காய்ச்சல் வந்தால், வாந்தி நிற்காவிட்டால், கண்ணில் மஞ்சள் தெரிந்தால், மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள், நள்ளிரவானாலும்.